ஆள்காட்டி விரலுக்கு 14

முன்குறிப்பு: நான் வக்கீல் இல்லை. பொட்டி தட்டிப் பொழைக்கிற ஆள். ஆம்பூர் பக்கம் பொறந்ததால தோல் வாசனையோட வளர்ந்தவன், அவ்வளவுதான். இது கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

கீழே இருக்கிற கணக்கை முதல்ல பாருங்க.

வலது கை, முழங்கையிலோ அதுக்கு மேலயோ போனா 70. இடது கைன்னா 60. கட்டை விரல் 25. கட்டை விரல்ல ஒரு கணு மட்டும் போனா 10. ஆள்காட்டி விரல் 10. மத்த விரல் எதுவானாலும் 5.

கசாப்புக் கடை விலைப்பட்டியல் மாதிரி இருக்கா? இது 1923ல் பிரிட்டிஷ் இந்தியாவில் நிறைவேறி, 1924 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணை. எண்கள் எல்லாம் சதவீதம். அந்த உறுப்பு போனா ஒருத்தரோட சம்பாதிக்கிற சக்தியில் எத்தனை சதவீதம் போச்சுன்னு சட்டம் முன்கூட்டியே எழுதி வெச்ச கணக்கு.

கசாப்புக் கடைன்னு சும்மா சொல்லல. இந்தக் கதை ஆரம்பிக்கிறதே ஒரு கசாப்புக் கடையிலதான். 1837, இங்கிலாந்து. கறிக்கடை முதலாளி ஒருத்தர் வண்டியில அளவுக்கு மீறி சரக்கு ஏத்தி, கடைப் பையனையும் கூட அனுப்பறார். வண்டி உடைஞ்சு பையனுக்குத் தொடை எலும்பு முறியுது. பையன் வழக்கு போடறான், ஜூரி 100 பவுண்டு கொடுக்கச் சொல்லுது. மேலே விசாரிச்ச நீதிபதி அபிங்கர் பிரபு அதை ரத்து பண்ணிட்டார். அவர் சொன்ன காரணம் வேடிக்கையா இருக்கும். இதை அனுமதிச்சா, வேலைக்காரி ஈரப் படுக்கை விரிச்சு இன்னொரு வேலையாளுக்கு ஜலதோஷம் பிடிச்சாலும் எஜமான் பணம் கட்ட வேண்டியிருக்குமாம்! பிரீஸ்ட்லி - ஃபௌலர் வழக்குன்னு சட்டம் படிச்சவங்களுக்குத் தெரியும்.

இதிலிருந்து வளர்ந்த கொள்கைதான் அடுத்த 60 வருஷம் தொழிலாளியின் கழுத்துல கல்லா தொங்குச்சு. கூட வேலை செய்யறவன் தப்பால அடிபட்டா முதலாளி பொறுப்பு இல்லை. ஆபத்துன்னு தெரிஞ்சே வேலைக்கு வந்தா அதுக்கும் பொறுப்பு இல்லை. உன் மேலயும் கொஞ்சம் தப்பு இருந்தா சுத்தமா கிடையாது. இந்த மூணு சுவரையும் தாண்டி, முதலாளி அலட்சியமா இருந்தார்னு நீதான் நிரூபிக்கணும். சாட்சி சொல்ல வேண்டியவன் யாரு? அதே முதலாளிகிட்ட நாளைக்கும் சம்பளம் வாங்க வேண்டியவன்.

ஜெர்மனி 1884லயே விபத்துக் காப்பீட்டுச் சட்டம் போட்டு இதை உடைச்சது. இங்கிலாந்து 1897ல். நம்ம 1923 சட்டம் அந்த இங்கிலாந்துச் சட்டத்தோட தம்பி. இது ஒரு பேரம்னு சொன்னா சரியா இருக்கும். தொழிலாளி பக்கம் கிடைச்சது: யார் தப்புன்னு யாரும் கேட்க மாட்டாங்க, வேலையில அடிபட்டிருந்தா போதும். முதலாளி பக்கம் கிடைச்சது: எவ்வளவு கொடுக்கணும்னு ஒரு உச்சவரம்பு. முழு ஊனத்துக்கு 42 மாசச் சம்பளம் அல்லது 3,500 ரூபாய், எது குறைவோ அது. விரல் போனா அதுல அட்டவணை சதவீதம். மாசம் 20 ரூபாய் சம்பளக்காரர்னு வெச்சுக்குவோம். 42 மாசத்துக்கு 840. ஆள்காட்டி விரலுக்கு 84 ரூபாய். கட்டை விரலுக்கு 210. கணக்கு முடிஞ்சுது, வீட்டுக்குப் போகலாம்.

அதே சட்டத்தில் தொழில் நோய்களுக்கும் ஒரு பட்டியல் உண்டு. ஆரம்பத்துல அதுல இருந்தது மூணே மூணு. ஈய நஞ்சு, பாஸ்பரஸ் நஞ்சு, ஆந்த்ராக்ஸ். நம்மூர்ல அடைப்பான்னு சொல்ற மாட்டு நோய்தான் அந்த மூணாவது. கம்பளி, மயிர், தோல் தொடுற தொழில்ல இருக்கிறவங்களுக்காக அது. ஆக தோல்காரங்க அந்தச் சட்டத்துக்குள்ள முதல்ல நுழைஞ்சது நோய் வழியா.

ஏன்னா அன்னிக்கு நம்ம பக்கத்து தோல் ஷாப்புகள்ல பெரிய மெஷின் கிடையாது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை எல்லாம் ஆவாரம்பட்டையில பதம் பண்ற ஊர்கள். சுண்ணாம்புக் குழி, பட்டைத் தொட்டி, சாய்வான மரக்கட்டை மேல தோலைப் போட்டு ரெண்டு பக்கம் பிடி வெச்ச கத்தியால சவ்வு சீவுறது. கத்தி வெட்டும், சுண்ணாம்பு கையைத் தின்னும். ஆனா கத்தி எவன் கையில இருக்கோ அவன் நிறுத்தினா நின்னுடும். முதல் உலகப் போர்ல பிரிட்டிஷ் ராணுவத்தோட பூட்ஸுக்கு மெட்ராஸ் மாகாணத்துத் தோல் போய்க்கிட்டே இருந்தது, அரசே மொத்தமா வாங்கிச்சு. அந்த ஓட்டத்திலும் வேலை பெரும்பாலும் கையாலதான். குரோம் பதனிடலை ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1903 வாக்குல மெட்ராஸ்ல சோதனை பண்ண ஆரம்பிச்சதும், குரோம்பேட்டைன்னு ஊருக்கே பேர் வந்ததும் தனிக்கதை. குரோம் வந்ததும் குரோம் புண்ணும் வந்தது. விரல் முட்டியில ஆணி அடிச்ச மாதிரி வட்டக் குழி விழும். எங்க ஊர் பெரியவங்க கையைத் திருப்பிப் பாத்தா இன்னும் சிலர்கிட்ட அந்தத் தழும்பு தெரியும்.

பெரிய மாற்றம் 1970களில். அதுவரைக்கும் பாதி பதம் பண்ணின தோலைத்தான் கப்பல்ல ஏத்திக்கிட்டிருந்தோம். சீதாராமையா கமிட்டி 1972ல் சொன்ன யோசனைப்படி அடுத்த வருஷமே பாதித் தோல் ஏற்றுமதிக்கு அளவு கட்டினாங்க. முழுசா முடிச்ச தோலா அனுப்பு, செருப்பா அனுப்பு, ஷூவா அனுப்பு. நாட்டுக்கு அன்னியச் செலாவணி, ஊருக்கு வேலை. நல்ல முடிவுதான், நான் குறை சொல்லல. எங்க தெருவுல பாதி வீடு கல்வீடானது அதாலதான். ஆனா தோலை முடிக்கணும்னா மெஷின் வேணும். சவ்வெடுக்கிற பிளெஷிங் மெஷின், தோலை ரெண்டு அடுக்கா பிளக்கிற ஸ்பிளிட்டிங், கனம் சீவுற ஷேவிங், சூடு போட்டு அழுத்துற பிரஸ், ஷூ கம்பெனியில அச்சு வெச்சுத் தோல் வெட்டுற கிளிக்கிங் மெஷின்.

இஞ்சினியரிங் படிச்ச பாவத்துக்கு இதைக் கொஞ்சம் விளக்கியே ஆகணும். பிளெஷிங், ஷேவிங் ரெண்டிலயும் அடிப்படை ஒண்ணுதான். ஒரு ரப்பர் ரோலர், எதிர்ல சுருள் சுருளா பிளேடு வெச்ச உருளை. ஈரத்தோலை ரெண்டு கையாலயும் விரிச்சு உள்ள கொடுக்கணும். ரோலர் இழுக்கும். தோல் வழுக்கும், மடிப்பு விழும். மடிப்பை நீவி விடக் கை தானா முன்னாடி போகும். அந்த மடிப்புக்குள்ள விரல் மாட்டினா, கையை எடுக்கணும்னு மூளைக்குத் தோணறதுக்குள்ள ரோலர் தன் வேலையை முடிச்சிருக்கும். கிளிக்கிங் மெஷின் வேற மாதிரி. மேல இருந்து ஒரு பலகை வந்து அச்சை அழுத்தும். அதுக்குத்தான் ரெண்டு பட்டன் வெச்சிருக்கான், ரெண்டு கையும் பட்டன்ல இருந்தாதான் இறங்கும், அதாவது ரெண்டு கையும் வெளியில இருந்தாதான் இறங்கும். எவ்வளவு எளிமையான, அழகான யோசனை! ஆனா பீஸ் கணக்குல கூலி வாங்கறவனுக்கும், ஷிப்மென்ட் தேதி நெருங்கின சூப்பர்வைசருக்கும் அந்த அரை நொடி கண்ணை உறுத்தும். ஒரு பட்டனை டேப் போட்டு ஒட்டிட்டா ஒரு கை ஃப்ரீ. உலகம் பூரா பிரஸ் ஓட்டற இடத்துல எல்லாம் இந்த டேப் வைத்தியம் உண்டு.

அப்புறம் கை போனா என்ன சொல்வாங்க? கவனக்குறைவு.

எங்க பெரியப்பா ஒருத்தர். 90களில், கம்பெனி பேர் வேண்டாம், ஷேவிங் மெஷின்ல ஆள்காட்டி விரல்ல ரெண்டு கணு போச்சு. ஆஸ்பத்திரி செலவு கொடுத்தாங்க. பொங்கலுக்குக் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தாங்க. கொஞ்ச நாள்ல வாட்ச்மேன் வேலைக்கு மாத்தினாங்க, சம்பளம் குறைஞ்சது. ஏதோ ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்கினாங்களாம், என்னன்னு அவருக்குத் தெரியாது. இன்னிக்குக் கேட்டாலும், "அவுங்க மேல என்ன கண்ணு தப்பு, நான்தான் கவனிக்காம வுட்டுட்டேன்"ங்கறார்.

இந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு படிச்சேன்.

1923 சட்டத்துல முதலாளி தப்பிக்க இருந்த வழிகள் ரொம்பக் குறுகலானவை. அடிபட்டவர் குடிச்சிருந்தது விபத்துக்கு நேரடிக் காரணமா இருக்கணும். அல்லது பாதுகாப்புக்காகவே போட்ட உத்தரவை வேணும்னே மீறியிருக்கணும். அல்லது பாதுகாப்புத் தடுப்புன்னு தெரிஞ்சே அதை வேணும்னே கழட்டியிருக்கணும், சட்டை பண்ணாம விட்டிருக்கணும். "வேணும்னே" என்கிற சொல்லைக் கவனிங்க. அசதி, தூக்கக் கலக்கம், ஒரு நிமிஷம் பராக்கு பாத்தது, மடிப்பை நீவினது, இது எதுவும் அந்தப் பட்டியல்ல வராது. இந்த மூணு விலக்குகூட சாவு நேர்ந்தா செல்லாதுன்னு ஆச்சு. 1995 திருத்தத்துல முழு நிரந்தர ஊனத்துக்கும் செல்லாதுன்னு சேர்த்தாங்க. அதாவது பெரியப்பா சொன்னது அப்படியே உண்மைன்னு வெச்சுக்கிட்டாலும், இழப்பீட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. சட்டம் 1924லயே கேட்கிறதை நிறுத்தின கேள்விக்கு எங்க ஊர் ஆளுங்க இன்னும் பதில் சொல்லிக்கிட்டிருக்காங்க.

அந்தப் பேப்பர்? இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கிறேன்னு எழுதிக் கொடுக்கிற எந்த ஒப்பந்தமும் அந்தச் சட்டப்படி செல்லாது. "இவன் என் ஆள் இல்லை, காண்ட்ராக்ட் மேஸ்திரி ஆள்"ன்னு சொல்றதும் செல்லாது. வேலை நடந்த கம்பெனி முதல்ல கொடுத்துட்டு அப்புறம் மேஸ்திரிகிட்ட வாங்கிக்கணும். ஒரு மாசத்துக்குள்ள கொடுக்கலைன்னா 12 சதவீத வட்டி, தக்க காரணம் இல்லாம இழுத்தடிச்சா தொகையில பாதி வரைக்கும் அபராதம். அந்த 12 சதவீதம் என்கிற வட்டி விகிதம் 1995ல் வந்தது. சாஃப்ட்வேர்ல நாங்க இதை வேற விதமா பாத்திருக்கோம். புரோகிராம் விழுந்தா முதல் அஞ்சு வருஷம் "யூசர் எரர்"ன்னு சொல்லிட்டுப் போவோம். அனுபவம் வந்தப்புறம்தான் தெரியும், நூறு பேர் ஒரே இடத்துல தப்பு பண்ணினா தப்பு ஸ்கிரீன்ல இருக்கு. :-)

இதே கேள்வியில ஒரு இங்கிலாந்து வழக்கு உண்டு. 1955, ஃப்ராஸ்ட்னு ஒரு தொழிலாளி, சாணைக்கல்லுல கட்டை விரல் மாட்டிக்கிச்சு. கம்பெனி சொன்னது: சாணைக்கல்லை முழுசா மூடினா சாணையே பிடிக்க முடியாதே! பிரபுக்கள் சபை சொன்ன பதில்: அப்ப அது உங்க பிரச்சினை, ஆபத்தான பாகத்தை மூடணும்னு சட்டம் சொன்னா மூடணும். நம்ம 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 21ஆம் பிரிவும் அந்த வம்சம்தான். மூடணும்னு சொல்லுது. ஆனா அதே சட்டத்துல தண்டனைப் பிரிவுக்குப் போனா ஒரு விளக்கக் குறிப்பு. "கடுமையான காயம்"னா என்னன்னு சொல்லிக்கிட்டே வந்து, கை கால் விரல்ல ஒரே ஒரு எலும்பு முறிஞ்சா அது இதுல சேராதுன்னு விலக்கி வெச்சிருந்தாங்க. தோல் ஷாப்ல ரோலர்ல நசுங்கிற விரலை மனசுல வெச்சு எழுதின மாதிரியே இருக்கும்.

இப்ப வேலூர் பக்கம் ஒரு நடை போயிட்டு வருவோம். மனுஷக் கையைப் பத்தி உலகத்துக்கே பாடம் எடுத்த ஊர் அது. சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு 1946ல் வந்தவர் டாக்டர் பால் பிராண்ட். கொல்லிமலையில 1914ல் பிறந்த வெள்ளைக்காரர். தொழுநோயில விரல் மடங்கி முடங்கிப் போன கைகளுக்கு, வேலை செய்யற தசைநாரை எடுத்து இடம் மாத்தித் தைச்சு, விரலை மறுபடி விரிய வெச்சார். 1948ல் ஆரம்பிச்ச வேலை. அப்புறம் 1955ல் கரிகிரியில தனி ஆராய்ச்சி மருத்துவமனையே வந்தது. அவர் கண்டுபிடிச்சதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இது: தொழுநோய்ல விரல் தானா உதிர்ந்து போறதில்லை. வலி தெரியாததால அடிபட்டு, சுட்டு, தேஞ்சு போகுது. வலிங்கறது காவல்காரன். அதே சி.எம்.சி.யில டாக்டர் மேரி வர்கீஸ், 1954ல் சாலை விபத்துல முதுகெலும்பு முறிஞ்சு, சக்கர நாற்காலியில உட்கார்ந்தபடியே இந்தக் கை ஆபரேஷன்களைச் செஞ்சவர். இன்னிக்கும் கை அறுவைக்குன்னு பிராண்ட் பேர்ல அங்கே தனிப் பிரிவு இருக்கு. தோல் ஷாப்புல கை போனவங்களும் அந்த வாசல்லதான் வந்து நிப்பாங்க.

ஆபரேஷன் பண்றவங்க கேட்கிறது: இந்தக் கையால என்ன பண்ண முடியும்? பிடிக்க முடியுமா, கிள்ள முடியுமா, பொத்தான் போட முடியுமா? சட்டம் கேட்கிறது: எத்தனை கணு போச்சு? 1962ல் அந்த அட்டவணையைத் திருத்தி இன்னும் நுணுக்கமா ஆக்கினாங்க. கட்டை விரல் 30 ஆச்சு. ஆள்காட்டி விரல் 14, அதுல ரெண்டு கணு மட்டும்னா 11, ஒரு கணு 9. நடு விரல் 12. மோதிர விரல், சுண்டு விரல் 7. எலும்பு போகாம நுனி மட்டும் வெட்டுப்பட்டா ஆள்காட்டிக்கு 5, சுண்டு விரலுக்கு 2. வலது இடது வித்தியாசமும் போயிடுச்சு. இடதுகை பழக்கக்காரன் என்கிற முறையில எனக்கு அதுல சந்தோஷம். ஆனா ஷூ அப்பர் தைக்கிறவரோட ஆள்காட்டி விரலும் கேட்டைத் திறந்து மூடறவரோட ஆள்காட்டி விரலும் அட்டவணைக்கு ஒண்ணுதான். தோலைத் தடவியே கனம் சொல்ற கைக்கு அதுல தனி எண் கிடையாது.

அந்த அட்டவணையைத் தாண்டிப் பாத்த தீர்ப்பு ஒண்ணு இருக்கு. ஒரிசாவில ஜெய்ப்பூர் என்கிற ஊர்ல (ராஜஸ்தான் ஜெய்ப்பூர் இல்லை) 1968 ஜூலையில ஒரு சினிமா தியேட்டருக்கு அலங்கார வேலை பண்ணிக்கிட்டிருந்த தச்சர் கீழே விழுந்தார். இடது கையை முழங்கையில எடுக்க வேண்டியதாச்சு. அட்டவணைப்படி பாத்தா அது பகுதி ஊனம்தான்னு முதலாளி தரப்பு வாதம். உச்ச நீதிமன்றம் 1975 டிசம்பர்ல ரொம்ப எளிமையா முடிச்சது. ஒத்தைக் கையால தச்சு வேலை பண்ண முடியுமா? முடியாது. அப்ப இவருக்கு இது முழு ஊனம், 100 சதவீதம். தொகை 9,800 ரூபாய், அதுக்கு மேல பாதி அபராதம், வட்டி. இன்னொண்ணும் சொன்னாங்க. ஆணையர் உத்தரவு போட்ட நாள்ல இல்லை, அடிபட்ட நாள்லயே அந்தப் பணம் கடன் ஆயிடுச்சு. பிரதாப் நாராயண் சிங் தியோ வழக்குன்னு இதைச் சொல்லுவாங்க. கை போன எந்தத் தொழிலாளிக்கு வாதாடினாலும் வக்கீல்கள் இதைக் கையில எடுக்காம போக மாட்டாங்க.

ஆனா நம்ம பக்கத்து பெரிய கம்பெனிகள்ல வேலை பாக்கறவங்களுக்கு இந்தக் கதவு பெரும்பாலும் மூடியே இருந்தது. காரணம் இ.எஸ்.ஐ. 1948ல் சட்டம், 1952 பிப்ரவரியில கான்பூர்லயும் டெல்லியிலயும் தொடக்கம். இது ரெண்டாவது பேரம். முதலாளி, தொழிலாளி ரெண்டு பேரும் மாசாமாசம் சந்தா கட்டணும். அடிபட்டா முதலாளிகிட்ட போக வேண்டாம், கார்ப்பரேஷன் கொடுக்கும். மருத்துவமும் உண்டு. மருத்துவ போர்டு சொல்ற சதவீதத்துக்கு ஆயுசு பூரா பென்ஷன் மாதிரி மாசத் தொகை. 15,000 சம்பளம்னா தினம் 500, அதுல 90 சதவீதம் 450, ஆள்காட்டி விரலுக்கு 14 சதவீதம்னா நாளுக்கு 63. மாசம் சுமார் 1,890 ரூபாய். இ.எஸ்.ஐ.யில இல்லாத 30 வயசுக்காரருக்கு, 2020 ஜனவரி முதல் இருந்த 15,000 உச்சவரம்புல பழைய இழப்பீட்டுச் சட்டக் கணக்கு: 9,000 x 207.98 = 18,71,820, அதுல 14 சதவீதம் 2,62,054 ரூபாய் ஒரே தடவையா. எது நல்லதுன்னு கேட்டா, குடும்பத்தைப் பொறுத்தது. கடன்காரன் வாசல்ல நின்னா மொத்தத் தொகை, இல்லாட்டி மாசத் தொகை.

எனக்கு உறுத்தற விஷயம் வேற. அலட்சியம் என்கிற சொல் எப்படிக் காணாம போச்சுன்னு பாருங்க. ஆரம்ப இ.எஸ்.ஐ. சட்டத்துல 66ஆம் பிரிவு ஒண்ணு இருந்தது. பாதுகாப்பு விதியை முதலாளி கவனிக்காம விட்டதால விபத்து நடந்தா, கார்ப்பரேஷன் அந்தப் பணத்தை முதலாளிகிட்ட திருப்பி வசூலிக்கலாம். 1966 திருத்தத்துல அதை எடுத்துட்டாங்க. தடுப்பு போட்ட கம்பெனியும் போடாத கம்பெனியும் ஒரே சந்தாதான் கட்டணும். அப்ப தடுப்புக்கு எதுக்குச் செலவு பண்ணணும்?

1996ல் உச்ச நீதிமன்றம் ட்ரெஹான் வழக்குல, இ.எஸ்.ஐ.யில இருக்கிறவர் இழப்பீட்டுச் சட்டத்துல தனியா கேட்க முடியாதுன்னு சொல்லிடுச்சு. அடுத்த வருஷம் வந்த இன்னொரு தீர்ப்பு, முதலாளியோட அலட்சியத்துக்காக சிவில் கோர்ட்ல நஷ்டஈடும் கேட்க முடியாதுன்னு அந்தக் கதவையும் சாத்திச்சு.

அதே 1996, ஆகஸ்ட் 28. அதே உச்ச நீதிமன்றம். வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்கு. பாலாத்துக் கரையில தோல் கழிவால சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பாதியோ முழுசோ பாழாச்சுன்னு ஒரு ஆய்வு நீதிமன்றத்தின் முன் இருந்தது. நீதிபதி குல்தீப் சிங் தீர்ப்பு: மாசுபடுத்தினவன் பணம் கட்டணும். ஒவ்வொரு தோல் ஷாப்புக்கும் 10,000 ரூபாய் அபராதம், பாதிச்சவங்களுக்கு இழப்பீடு கணக்குப் போடத் தனி ஆணையம். இந்தியாவில சுற்றுச்சூழல் சட்டம் படிக்கிற பையன் முதல்ல படிக்கிறது எங்க மாவட்டத்துப் பேரைத்தான். 2025 ஜனவரி 30ல்கூட உச்ச நீதிமன்றம் அந்த இழப்பீட்டைக் கொடுத்து முடிக்கச் சொல்லி மறுபடி உத்தரவு போட்டது. அந்தத் தீர்ப்பு எனக்குப் பெருமைதான். ஆனா ஒரே வருஷத்துல, ஷாப்போட காம்பவுண்டு சுவருக்கு வெளிய போன தண்ணிக்கு "கெடுத்தவன் கட்டு"ன்னு சட்டம் வந்தது. சுவருக்கு உள்ள போன விரலுக்கு "யார் கெடுத்தான்னு கேட்காதே"ன்னு ஆச்சு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு யாரும் பேசினதா நான் பாக்கல.

இப்போ நிலைமை மறுபடி மாறியிருக்கு. இழப்பீட்டுச் சட்டம், இ.எஸ்.ஐ. சட்டம், தொழிற்சாலைச் சட்டம் எல்லாத்தையும் சுருட்டி வெச்சுட்டு, 2025 நவம்பர் 21 முதல் நாலு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்திருக்கு. விரல் அட்டவணை பெரும்பாலும் அப்படியே புது வீட்டுக்குக் குடிபோயிருக்கு. ஆனா தொழில் பாதுகாப்புத் தொகுப்புல ஒரு புது விஷயம் உண்டு. முதலாளி கடமை தவறியதால கடுமையான காயம் ஏற்பட்டா ஒரு வருஷம் வரை சிறை, அல்லது 2 லட்சத்துக்குக் குறையாம 4 லட்சம் வரை அபராதம், அல்லது ரெண்டும். அந்த அபராதத்துல பாதிக்குக் குறையாம அடிபட்டவருக்கே கொடுக்கும்படி கோர்ட் சொல்லலாம். பழைய சட்டத்துல அபராதம் போனா அரசாங்கத்துக்குத்தான் போகும். "யார் தப்பு" என்கிற கேள்வி ரொம்ப நாள் கழிச்சு கொல்லைப்புறமா திரும்பி வந்திருக்கு. இதை நான் வரவேற்கிறேன்.

ஆனா அந்தக் கேள்வி கோர்ட் வரை போகணும்னா விபத்துன்னு ஒண்ணு நடந்ததா முதல்ல பேப்பர்ல இருக்கணும். அடிபட்டு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகும்போது, "வீட்டு கிரைண்டர்ல மாட்டிக்கிச்சுன்னு சொல்லிடு, நாங்க பாத்துக்கறோம்"னு சொல்றது எங்க பக்கம் பலர் வாயில கேட்ட கதை. அங்க பதியற அந்த ஒரு வரியிலதான் எல்லாமே இருக்கு. எந்த நேரம், எந்த மெஷின், யார் கூட இருந்தாங்கன்னு ஆஸ்பத்திரிச் சீட்டுல ஏறிடணும். விபத்து அறிக்கையோட நகல் கையில இருக்கணும். சம்பளச் சீட்டு பத்திரமா இருக்கணும். பழைய சட்டத்துல கோரிக்கை வைக்க ரெண்டு வருஷக் கெடு இருந்தது. பெரியப்பா மாதிரி ஆளுங்க அந்த ரெண்டு வருஷத்தையும் நன்றிக்கடன்லயே கழிச்சுடுவாங்க.

எல்லாம் சொல்லிட்டு இதைச் சொல்லாம விட்டா சரியா இருக்காது. ஆம்பூர்ல ஷூ அப்பரைக் கையால தைக்கிற வேலை நிறைய வீட்டுத் திண்ணையிலதான் நடக்குது, பெரும்பாலும் பெண்கள். 2016ல் பெங்களூர் சிவிடெப் அமைப்பும் இங்கிலாந்து அமைப்புகளும் சேர்ந்து இவங்களைப் பத்தி ஒரு அறிக்கை போட்டாங்க. ஒரு ஜோடிக்குக் கிடைக்கிற கூலி இங்கிலாந்துக் காசுக்கு 10 பென்ஸ்கூட இல்லை. கனமான தோல்ல ஊசியை அழுத்தித் தள்ளித் தள்ளி விரல் காப்பு காய்ச்சிடும், தோள் வலி, ஊசி ஏறின காயம். கூலி ஏஜென்ட் மூலமா வரும், எந்தக் கம்பெனி ஷூன்னு பல பேருக்குத் தெரியாது. இவங்களுக்கு இ.எஸ்.ஐ. அட்டை கிடையாது, விபத்து அறிக்கை அனுப்பத் தொழிற்சாலையும் கிடையாது. கையில ஊசி ஏறினா மஞ்சளை அப்பிக்கிட்டு அடுத்த ஜோடியை எடுக்கிறாங்க.